மலேரியா ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்றத்தில் மருந்து இலக்கு தேடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மலேரியா ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்றத்தில் புதிய மருந்து இலக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். அடுத்து என்ன? ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால் முடிவுகள் கிடைக்கும். ஆனால் எதை எந்த வரிசையில் செய்தார்கள், எங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், எந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்பதையெல்லாம் யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை. நான் அவற்றைப் பலரிடம் கேட்டு, பல இடங்களில் முட்டி மோதித்தான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கீழே உள்ள வரிசைக்கு ஒரே ஒரு அடிப்படைதான். உங்கள் யோசனை தவறென்று காட்டக்கூடிய சோதனைகளில் எது மலிவானதோ அதை முதலில் செய்யுங்கள். ஒரு நொதியைத் தடுக்கும் மூலக்கூறை உருவாக்கி முடித்த பிறகு, அந்த நொதி இல்லாமலேயே ஒட்டுண்ணி வாழும் என்று தெரிய வந்தால், போன வருடங்கள் திரும்பக் கிடைக்காது. இந்தத் துறையில் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 4-ஆம் படியில் சொல்கிறேன்.

இங்கே பேசுவது பெரும்பாலும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் பற்றி. ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கச் சுலபமான இனம் அதுதான், அதிக உயிர்களைப் பறிப்பதும் அதுதான்.

1. எந்த நிலைக்கு மருந்து என்பதை எழுதி வையுங்கள்

"இந்த நொதி ஒட்டுண்ணிக்கு இன்றியமையாதது" என்ற வாக்கியம் பாதி வாக்கியம்தான். எந்த நிலையில் இன்றியமையாதது? கல்லீரலில் சுமார் ஒரு வாரம் பெருகும் ஒட்டுண்ணி வேறு, சிவப்பணுவுக்குள் 48 மணி நேரச் சுழற்சியில் வளர்வது வேறு, கொசுவுக்குப் போகக் காத்திருக்கும் கேமீட்டோசைட் வேறு. மூன்றிலும் உணவு வேறு, தேவையும் வேறு.

காய்ச்சலோடு வருபவரைக் குணப்படுத்த வேண்டுமென்றால் இரத்த நிலையில் இன்றியமையாத இலக்கு வேண்டும். நோய் வராமல் தடுக்க வேண்டுமென்றால் கல்லீரல் நிலை. பரவுவதை நிறுத்த வேண்டுமென்றால் கேமீட்டோசைட் அல்லது கொசு நிலை. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முதல் திட்டம் இது என்றால் இரத்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கல்லீரல் நிலைக்குக் கொசுக் கூடமும், கொசுவிலிருந்து மனிதருக்குள் வரும் வடிவமான ஸ்போரோசோயிட்டும் வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்திலிருந்து அதைத் தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பீர்கள்.

2. ஆவண வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இதுவாகத்தான் இருக்கும். தாண்டாதீர்கள். சோதனைகள் தாமதமாவதைவிட அனுமதிகள் தாமதமாவதுதான் அதிகம். பொதுவாகத் தேவைப்படுபவை இவை:

மனித இரத்தத்துக்கான நெறிமுறைக் குழு அனுமதி. ஒட்டுண்ணி மனிதச் சிவப்பணுவில்தான் வளரும். இரத்த வங்கியிலிருந்து வாங்கினாலும், தன்னார்வலரிடம் எடுத்தாலும், எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தன்னார்வலர் என்றால் ஒப்புதல் படிவமும் சேரும். வங்கி இரத்தத்துக்கு நடைமுறை எளிது என்பதால் முதலில் அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி. ஒட்டுண்ணி வளர்ப்புக்குப் பொதுவாக இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். மரபணு மாற்றிய ஒட்டுண்ணிக்குத் தனி அனுமதி. பலர் வளர்ப்புக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, மரபணு வேலை தொடங்கும்போது மறுபடியும் அதே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் தேர்வு மருந்துகளின் (மரபணு மாற்றிய ஒட்டுண்ணியை மட்டும் பிழைக்கவிட்டு மற்றதைக் கொல்பவை) பட்டியலையும் அதிலேயே கொடுங்கள். ஊசி குத்தி யாருக்காவது தொற்று ஏற்பட்டால் எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பது அந்தப் பட்டியலிலிருந்துதான் தெரிய வேண்டும்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். 3டி7, டிடி2 போன்ற ரகங்களை எம்ஆர்4 என்ற சேமிப்பகத்திலிருந்து பெறலாம். அது பிஇஐ ரிசோர்சஸின் கீழ் இயங்குகிறது. அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவு வேண்டும், பாதுகாப்பு வசதி பற்றிய விவரம் வேண்டும், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரின் ஒப்பம் வேண்டும். ஆய்வக வழிகாட்டியின் கையெழுத்து மட்டும் பெரும்பாலும் போதாது. வேறொரு ஆய்வகத்திடம் மரபணு மாற்றிய ரகம் கேட்டால் அதற்குத் தனி ஒப்பந்தம்.

இறக்குமதி அனுமதி. வெளிநாட்டிலிருந்து வரும் ரகத்துக்கு இது இல்லாவிட்டால் பெட்டி சுங்கத்தில் நிற்கும். உறைந்த குப்பிகள் உலர்பனியில் வருபவை. உலர்பனி சில நாட்களில் ஆவியாகிவிடும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அனுப்பச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் வந்து சேரும்படி ஒருபோதும் அனுப்பச் சொல்லாதீர்கள்.

எலி மாதிரியில் சோதிக்க உத்தேசம் இருந்தால் விலங்கு நெறிமுறை அனுமதியும் உண்டு. அது கடைசிக் கட்டத்துக்குத்தான் தேவை என்றாலும், விண்ணப்பம் போடுவதற்கான நாள் அதற்கு முந்தைய வருடத்திலேயே வந்துவிடும்.

இவை எல்லாம் சேர்ந்து சில மாதங்கள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்கள் வீணாகாது. 3 முதல் 5 வரையான படிகளுக்கு அனுமதி எதுவும் வேண்டாம்.

3. இலவசத் தரவுகளில் பட்டியல் போடுங்கள்

செலவு: ஒரு கணினியும் உங்கள் பொறுமையும். காலம்: ஒன்று முதல் இரண்டு மாதம்.

முதல் இடம் பிளாஸ்மோடிபி என்ற இணையத் தரவுத்தளம். ஃபால்சிபாரத்தின் 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் அங்கே இருக்கிறது. எந்த மணி நேரத்தில் வெளிப்படுகிறது, புரதம் எங்கே போகிறது, மற்ற இனங்களில் இணை மரபணு உண்டா, களத்து மாதிரிகளில் எவ்வளவு மாறுபாடு என்பதெல்லாம் அதில் கிடைக்கும். வளர்சிதை மாற்றப் பாதைகளுக்கு, ஹகாய் கின்ஸ்பர்க் தொகுத்த மலேரியா ஒட்டுண்ணிப் பாதை வரைபடங்களைப் பாருங்கள். எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான கெக் என்ற பாதைத் தளத்தைவிட இதைத்தான் நான் முதலில் திறப்பேன். கெக் தளத்தில் வரிசை ஒற்றுமையை வைத்துத் தானாக நிரப்பிய பெட்டிகள் நிறைய இருக்கும். ஒட்டுண்ணியில் அந்த வினை உண்மையில் நடக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து இன்றியமையாமை. இரண்டு பெரிய தரவுகள் உங்களுக்குத் துணை. 2018-இல் வெளியான ஆய்வு, மரபணுக்களுக்குள் நுழைந்து அவற்றைக் குலைக்கும் பிக்கிபேக் என்ற டிஎன்ஏ துண்டைக் கொண்டு ஃபால்சிபாரத்தில் 38,000-க்கும் மேற்பட்ட பிறழ்விகளை உருவாக்கி, 2,680 மரபணுக்கள் இரத்த நிலை வளர்ச்சிக்கு இன்றியமையாதவை என்று மதிப்பிட்டது. 2017-இல் வந்த பிளாஸ்மோஜெம் ஆய்வு, எலியைத் தாக்கும் பெர்கெய் இனத்தில் 2,578 மரபணுக்களை நீக்கி வளர்ச்சி வேகத்தை அளந்தது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பிக்கிபேக் குறிப்பிட்ட நான்கெழுத்து வரிசையில்தான் நுழையும். சிறிய மரபணுவில் அந்த இடங்கள் குறைவு என்பதால், நுழைவு இல்லாததற்குக் காரணம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். மரபணுவின் கடைசி முனையில் மட்டும் நுழைவு இருந்தால், புரதம் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். மதிப்பெண்ணை மட்டும் எடுக்காமல், நுழைவு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். பெர்கெய் விஷயத்தில் சிக்கல் வேறு. அது இளம் சிவப்பணுக்களை விரும்புகிறது. அவற்றில் வளர்சிதைப் பொருட்கள் முதிர்ந்த சிவப்பணுவைவிட அதிகம். அங்கே தேவைப்படாத நொதி ஃபால்சிபாரத்துக்குத் தேவைப்படலாம். இரண்டு தரவும் ஒத்துப்போகும் மரபணுக்களை முதல் பட்டியலில் வையுங்கள். முரண்படுபவற்றைத் தூக்கி எறியாமல் ஏன் முரண்படுகின்றன என்று கேளுங்கள். பல நேரம் நல்ல கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

கணித மாதிரிகளும் உண்டு. ஒட்டுண்ணியின் வினைகள் அனைத்தையும் சமன்பாடாக்கி, ஒரு நொதியை நீக்கினால் வளர்ச்சி நிற்குமா என்று கணிக்கும் மாதிரிகள் பல வெளியாகியிருக்கின்றன. கோப்ராபை என்ற இலவச நிரலில் அவற்றை ஓட்டலாம். பயனுள்ளவைதான், ஆனால் அந்தக் கணிப்பு நீங்கள் உள்ளே எதை அனுமதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊடகத்தில் கொழுப்பு அமிலம் உண்டு என்று வைத்தால் ஒரு விடை, இல்லை என்று வைத்தால் வேறு விடை. இதுவே அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

4. ஒட்டுண்ணி எதைத் தானே செய்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பின்வாசல் திறந்திருக்கும்போது முன்வாசலுக்குப் பூட்டுப் போடுவதில் பயனில்லை.

மாதிரிக்குச் சில கணக்குகள். டிஎன்ஏ, ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருளான ப்யூரினை ஒட்டுண்ணியால் புதிதாக உருவாக்க முடியாது. சிவப்பணுவிலிருந்தும் வெளியிலிருந்தும் ஹைப்போசாந்தின் போன்றவற்றை எடுத்துக்கொள்கிறது. எனவே ப்யூரினில் இலக்கு என்றால் கடத்திப் புரதமும் மீட்புப் பாதை நொதிகளும்தான். இன்னொரு கட்டுமானப் பொருளான பைரிமிடினில் இதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழி ஒட்டுண்ணிக்கு இல்லை, தானே உருவாக்கியாக வேண்டும். மனித உயிரணுவுக்கு இரண்டு வழியும் உண்டு. இந்த வேறுபாடுதான், பைரிமிடின் தொகுப்பில் வேலை செய்யும் டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியை நல்ல இலக்காக்கியது. அமினோ அமிலங்களில், மனித ஹீமோகுளோபினைச் செரித்தே பெரும்பாலானவை கிடைத்துவிடுகின்றன. ஆனால் பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் கிடையாது. அது வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தண்ணீரில் கரையும் வைட்டமின்களில் வளர்ப்பு ஊடகத்தில் கட்டாயம் வேண்டியது பான்டோதெனிக் அமிலம் ஒன்றுதான். அதைக் கோஎன்சைம்-ஏ ஆக்கும் பாதையும் அதைச் சார்ந்த அசிட்டைல் கோஎன்சைம்-ஏ சிந்தடேசும் இன்று தீவிரமாகப் பார்க்கப்படும் இலக்குகள்.

இப்போது, முன்னால் சொன்ன அந்தக் கதை. ஒட்டுண்ணியின் உயிரணுவுக்குள் இருக்கும் அபிகோபிளாஸ்ட் என்ற நுண்ணுறுப்பில் பாக்டீரியா வகையான கொழுப்பு அமிலத் தொகுப்பு இருக்கிறது. மனித உயிரணுவின் முக்கியக் கொழுப்பு அமிலத் தொகுப்பு வேறு வகை. ட்ரைக்ளோசான் என்ற பாக்டீரியா எதிர்ப்புப் பொருள் ஒட்டுண்ணியைக் கொன்றது. அது இந்தப் பாதையின் நொதியைத் தடுக்கும் என்றும் தெரிந்தது. 2001-இலிருந்து பல குழுக்கள் இதன் மேல் உழைத்தன. பின்னர் 2008, 2009 வாக்கில் மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது, இரத்த நிலையில் ஒட்டுண்ணிக்கு அந்தப் பாதையே தேவைப்படவில்லை. எலி ஒட்டுண்ணியில் அது தேவைப்பட்டது கல்லீரல் நிலையின் கடைசிப் பகுதிக்கு. ட்ரைக்ளோசான் இரத்த நிலையில் வேறெதையோ தாக்கியிருக்கிறது. உழைத்தவர்கள் திறமையானவர்கள், அன்று ஃபால்சிபாரத்தில் மரபணு நீக்கம் அத்தனை கடினமாக இருந்தது. இன்று நமக்கு அந்தக் காரணம் இல்லை.

இதே பாடம் வேறு இடங்களிலும் உண்டு. ஹீம் தொகுப்புப் பாதையின் நொதிகளை நீக்கினாலும் இரத்த நிலை வளர்கிறது. கொசு நிலைதான் தடைபடுகிறது. உயிரணு ஆற்றல் எடுக்கும் பாதையான டிசிஏ சுழற்சியின் எட்டு நொதிகளில் ஆறை நீக்கியும், பாலினமற்ற முறையில் பெருகும் இரத்த நிலை வளர்ந்ததை 2015-இல் காட்டினார்கள். பாடநூலில் மையமாக இருக்கும் பாதை ஒட்டுண்ணிக்கும் மையம் என்று நம்பிவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நொதிக்கும் மூன்று வரி எழுதுங்கள்: விளைபொருள் என்ன, அது சிவப்பணுவிலோ பிளாஸ்மாவிலோ இருக்கிறதா, இருந்தால் ஒட்டுண்ணிக்குள் நுழைய வழி உண்டா. இந்த மூன்று வரியிலேயே பட்டியல் பாதியாகும்.

ஊடகத்தையும் சந்தேகியுங்கள். ஆர்பிஎம்ஐ 1640-இல் குளுக்கோஸ் சுமார் 11 மில்லிமோலார். இரத்தத்தில் சுமார் 5. குளுக்கோஸ் கடத்தியைத் தடுக்கும் சேர்மம் இந்த ஊடகத்தில் பலவீனமாகத் தெரியலாம். அதே ஊடகத்தில் ஃபோலிக் அமிலமும் பாரா அமினோ பென்சாயிக் அமிலமும் இருக்கின்றன. சல்ஃபடாக்சின் போன்ற ஃபோலேட் எதிரிகள் அதில் சரியாக வேலை செய்யாது. அவற்றைக் குறைத்த ஊடகம் தனியாக வேண்டும்.

5. மனித நொதியோடு ஒப்பீடு

"மனிதரில் இணை இல்லாத நொதி மட்டுமே இலக்கு" என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். அப்படி வடிகட்டினால் நல்ல இலக்குகளையே இழப்பீர்கள். மேலே சொன்ன டைஹைட்ரோஓரோடேட் நொதி மனிதரிலும் இருக்கிறது. ஆனால் தடுப்பான் ஒட்டும் குழி வேறுபட்டது. அந்த வேறுபாட்டைப் பிடித்துத்தான் டிஎஸ்எம்265 என்ற சேர்மம் மனித நொதியை விட்டு ஒட்டுண்ணியின் நொதியை மட்டும் தாக்கி, நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டம்வரை போனது. வினை நடக்கும் மையம் ஒத்திருந்தாலும் பக்கத்துக் குழி வேறுபடுகிறதா என்று பாருங்கள். படிக அமைப்பு இல்லாவிட்டால், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் கணிப்பு தொடக்கத்துக்குப் போதும். நம்பகம் குறைவு என்று நிறம் காட்டும் பகுதிகளை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

பட்டியலை இப்போது மூன்று அல்லது நான்கு மரபணுக்களாகச் சுருக்குங்கள். அதற்கு மேல் ஒருவர் கையால் ஆகாது.

6. வளர்ப்பு

அனுமதிகள் வந்திருக்கும். ஓ பிரிவு சிவப்பணு, ஆர்பிஎம்ஐ, ஹைப்போசாந்தின், சீரம் அல்லது அதற்குப் பதில் ஆல்புமேக்ஸ், குறைந்த ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு, 37 டிகிரி. செய்முறை எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். நான் திரும்பச் சொல்லவில்லை. மூன்று விஷயம் மட்டும்.

ஒன்று, செலவு. கருவிகளைவிடத் தொடர்ந்து வாங்கும் பொருட்கள்தான் பணத்தைத் தின்னும்: வாயு உருளை, ஆல்புமேக்ஸ், இரத்தம். விடுமுறையிலும் ஒட்டுண்ணிக்கு உணவு வேண்டும். யார் வருவது என்று ஒரு துணையை முதலிலேயே பேசி வையுங்கள்.

இரண்டு, வந்த ரகத்தை வளர்த்தவுடன் வளைய நிலையில் (சிவப்பணுவுக்குள் நுழைந்த இளம் ஒட்டுண்ணி) பல குப்பிகள் உறைய வையுங்கள். வளைய நிலைதான் உறைதலைத் தாங்கும். சோதனையெல்லாம் அதற்கு அப்புறம்.

மூன்று, வளர்ப்பில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது, ஒட்டுண்ணியும் ஓரளவு வளரும். ஆனால் வளர்சிதை அளவீடுகளில் அர்ஜினைன் குறைந்தால், அதைத் தின்றது ஒட்டுண்ணியா மைக்கோபிளாஸ்மாவா என்று தெரியாமல் போகும். மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ரகத்தையும் சோதித்த பிறகே பொது அலமாரியில் வையுங்கள்.

7. மரபணுவை அணைத்துப் பாருங்கள்

வேதிப்பொருள் வாங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். இன்றியமையாத மரபணுவை நேரடியாக நீக்க முடியாது, ஒட்டுண்ணியே கிடைக்காது. "பல முறை நீக்க முயன்றோம், முடியவில்லை, ஆகவே இன்றியமையாதது" என்ற வாதத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. வேண்டும்போது அணைக்கும் முறை தேவை.

வழிகள் பல. டெட்-ஆர் டோசி முறையில் அன்ஹைட்ரோடெட்ராசைக்ளின் இருக்கும்வரை புரதம் உருவாகும், எடுத்தால் நிற்கும். ஜிஎல்எம்எஸ் முறையில் குளுக்கோசமைன் சேர்த்தால் ரைபோசைம் என்ற வெட்டும் பகுதி இயங்கி ஆர்என்ஏ அறுபடும். டைக்ரீ முறையில் ராபமைசின் சேர்த்தவுடன் மரபணுவே வெட்டப்பட்டுவிடும். நொதிகளுக்கு நான் டெட்-ஆர் டோசி அல்லது டைக்ரீயைத்தான் பரிந்துரைப்பேன். நொதிகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் இருக்கும். 80 சதவீதம் குறைத்தும் ஒன்றும் நடக்காமல் போகலாம். ஜிஎல்எம்எஸ் பல நேரம் அந்த அளவோடு நின்றுவிடும். அதைப் பயன்படுத்தினால், வேலை செய்யாத பிறழ் ரைபோசைம் கொண்ட ரகம் ஒன்றைக் கட்டாயம் ஒப்பீட்டுக்கு வையுங்கள். குளுக்கோசமைனே அதிக அளவில் ஒட்டுண்ணியைத் தாக்கும்.

கால அளவை இப்படிப் போடுங்கள். மரபணுவை ஏற்றிச் செல்லும் வளைய டிஎன்ஏவான பிளாஸ்மிட் கட்ட ஒன்று முதல் மூன்று மாதம்: ஒட்டுண்ணியின் டிஎன்ஏவில் சுமார் 80 சதவீதம் ஏ, டி எழுத்துகள்தான், பாக்டீரியா அதை வைத்துக்கொள்ளத் தயங்கும். மின்துடிப்பில் உள்ளே செலுத்திய பிறகு ஒட்டுண்ணி நுண்ணோக்கியில் தெரிய மூன்று முதல் ஆறு வாரம். அந்த இடைவெளியில் தட்டு வெறுமையாகவே இருக்கும். கைவிட்டுவிடாதீர்கள். அப்புறம் தனி நகல் பிரிக்க மேலும் ஒரு மாதம். ஆகமொத்தம் ஒரு மரபணுவுக்கு ஆறு மாதம் என்று திட்டத்தில் எழுதினால் நேர்மையாக இருக்கும். டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையைப் பயன்படுத்தினால் பழுதுபார்க்கும் வார்ப்பு டிஎன்ஏவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்; வெட்டிய முனைகளை அப்படியே ஒட்டும் வழக்கமான வழி இந்த ஒட்டுண்ணிக்கு இல்லை.

தேர்வு மருந்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. டபிள்யூஆர்99210 என்ற தேர்வு மருந்துக்கு எதிர்ப்பு தரும் மனித டிஹெச்எஃப்ஆர் (ஃபோலேட் பாதை நொதி) மரபணுவைப் போட்டால், அந்த ரகத்தில் ஃபோலேட் பாதை மருந்துகளைச் சோதிக்க முடியாது. டிஎஸ்எம்1 மருந்துக்கு எதிர்ப்பு தரும் ஈஸ்டின் டைஹைட்ரோஓரோடேட் நொதி மரபணுவைப் போட்டால், பைரிமிடின் பாதையும் மைட்டோகாண்ட்ரியாவும் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். வளர்சிதை மாற்றத்தைப் படிப்பவர்கள் பிளாஸ்டிசிடின் போன்ற தொடர்பில்லாத மருந்தை எடுப்பது நல்லது.

அணைத்த பிறகு வளர்ச்சியைக் குறைந்தது மூன்று சுழற்சிக்குத் தொடருங்கள். புரதம் உண்மையில் குறைந்ததா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். புரதம் போயும் ஒட்டுண்ணி நன்றாக வளர்ந்தால், அந்த மரபணுவை அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள். மனசு வராது, தெரியும். இருந்தாலும் நீக்குங்கள்.

8. மீட்புச் சோதனை

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். நொதியை அணைத்தால் ஒட்டுண்ணி சாகிறது, சரி. அந்த நொதியின் விளைபொருளை வெளியிலிருந்து கொடுத்தால் பிழைக்கிறதா? பிழைத்தால், அது ஏன் சாகிறது என்பது தெளிவாகிவிடும்.

2011-இல் வெளிவந்த சோதனை ஒன்று இதற்கு அழகான எடுத்துக்காட்டு. அபிகோபிளாஸ்ட் முழுவதையும் இழந்த ஒட்டுண்ணிக்கு ஐசோபென்டினைல் பைரோஃபாஸ்பேட் என்ற ஒரே பொருளைக் கொடுத்தார்கள். இரத்த நிலையில் அது தொடர்ந்து வளர்ந்தது. அந்த உறுப்பு இரத்த நிலையில் செய்து தரும் இன்றியமையாத பொருள் அது ஒன்றுதான் என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் நொதி அபிகோபிளாஸ்டில் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். மீட்ட பிறகு உறுப்பின் சொந்த டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆரில் பாருங்கள். டிஎன்ஏ இருந்தால் உங்கள் நொதி அந்தப் பொருளின் தொகுப்பில் பங்கு பெறுகிறது. இல்லையென்றால் உறுப்பைப் பராமரிப்பதில் பங்கு பெறுகிறது. இந்தப் பொருள் விலை அதிகம். மெவலோனேட்டிலிருந்து அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றிய ரகம் ஒன்று உண்டு, பெயர் பிஎஃப்மெவ். மெவலோனேட் மலிவு. நீண்ட நாள் சோதனை என்றால் அந்த ரகத்தைக் கேட்டுப் பெறுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஈஸ்டின் டைஹைட்ரோஓரோடேட் நொதியைப் பெற்ற ஒட்டுண்ணி, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தலைத் தடுக்கும் அடோவாகுவோன் மருந்துக்குச் சாவதில்லை என்று 2007-இல் காட்டினார்கள். இரத்த நிலையில் எலக்ட்ரான் கடத்தலின் முக்கிய வேலை பைரிமிடின் தொகுப்புக்குத் துணை நிற்பதே என்பது அதன் பொருள். அந்த ரகத்தில் உங்கள் சேர்மம் பலனிழந்தால், அது இந்தப் பாதையைத்தான் தொடுகிறது. அதோடு புரோகுவானில் என்ற மலேரியா மருந்தையும் சேர்த்துப் பாருங்கள். எலக்ட்ரான் கடத்தலின் ஒரு பகுதியான சைட்டோகுரோம் பிசி1-ஐத் தாக்கும் சேர்மம் என்றால் மறுபடியும் கொல்லும். டைஹைட்ரோஓரோடேட் நொதியை மட்டும் தாக்குவது கொல்லாது.

விளைபொருள் உயிரணுச் சவ்வைத் தாண்டாது என்றால் மீட்பு தோற்கும். அதனால் மீட்பு கிடைத்தால் அது சான்று, கிடைக்காவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

9. தடுப்பான் தேடுதல்

இரண்டு வழி. நொதியைச் சோதனைக் குழாயில் தயாரித்து அதன் மேல் சேர்மங்களை ஓட்டலாம். அல்லது ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களிலிருந்து தொடங்கலாம்.

முதல் வழியில் புரதம் கரைவதுதான் தடை. ஃபால்சிபாரத்தின் 1,000 மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவில் முயன்று 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கரையும் புரதமாகக் கிடைத்தவை 63 மட்டுமே. ஒரே வடிவத்தில் மாதக்கணக்கில் போராடாமல், முதலிலேயே ஈ.கோலைக்கு ஏற்றபடி குறியன்களை (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) மாற்றிய செயற்கை மரபணு, நீளம் மாற்றிய மூன்று நான்கு துண்டுகள், விவாக்ஸ் அல்லது நோலெசி இனத்தின் இணைப் புரதம் என்று ஒரே நேரத்தில் முயலுங்கள். மனித இணை நொதியையும் சேர்த்தே தயாரியுங்கள். தேர்வுத் தன்மையை முதல் நாளிலிருந்து பார்க்கலாம்.

இரண்டாவது வழிக்கு மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர் என்ற அமைப்பு தொகுத்த 400 சேர்மங்கள் கொண்ட மலேரியா பாக்ஸ் பெரிய உதவியாக இருந்திருக்கிறது. அதைப் பற்றி ஏராளமான தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அணைக்கக்கூடிய ரகம் உங்களிடம் இருந்தால், நொதியைப் பாதியாகக் குறைத்து வைத்துச் சேர்மங்களைச் சோதியுங்கள். அப்போது மட்டும் கூடுதலாகக் கொல்லும் சேர்மம் உங்கள் இலக்கைத் தொடுகிறது என்பதற்கு நல்ல குறி. இன்றைக்கு நான் தொடங்கினால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயத்தால் வளர்ச்சியை அளக்கும் சைபர் கிரீன் சோதனை வழக்கமாக 72 மணி நேரம். அபிகோபிளாஸ்டைப் பராமரிக்கும் நொதிகளுக்கு அது போதாது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவை முதல் சுழற்சியில் ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். அடுத்த சுழற்சியில்தான் ஒட்டுண்ணி சாகும். 96 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாவிட்டால் நல்ல சேர்மங்களைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள்.

10. கொல்வது இலக்கின் வழியாகத்தானா?

நொதியைத் தடுக்கிறது, ஒட்டுண்ணியையும் கொல்கிறது. இரண்டும் உண்மையாக இருந்தும் தொடர்பில்லாமல் இருக்கலாம் என்பதை ட்ரைக்ளோசான் காட்டிவிட்டது. இரண்டு தனித்தனிச் சான்றாவது வேண்டும்.

முதலாவது, எதிர்ப்பை வளர்த்தல். குறைந்த அளவு சேர்மத்தில் ஒட்டுண்ணியை வளர்த்து, எதிர்ப்புப் பெற்றவற்றின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசிப்பது. டிடி2 ரகம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். குறைந்தது மூன்று தனிக் குடுவைகள். எம்டிஆர்1, சிஆர்டி போன்ற கடத்திகளில் மாற்றம் வந்தால் அது பெரும்பாலும் எதிர்ப்பின் வழி, இலக்கு இல்லை. உங்கள் நொதியிலேயே மாற்றம் வந்தால், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கிரிஸ்பரால் புதிய ரகத்தில் புகுத்தி எதிர்ப்பு வருகிறதா என்று பாருங்கள். அதைச் செய்யாத கட்டுரையை மதிப்பாளர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டாவது, வளர்சிதைப் பொருள் அளவீடு. முதிர் நிலை ஒட்டுண்ணியைக் காந்தத்தால் பிரித்து, சேர்மத்தைச் சில மணி நேரம் மட்டும் கொடுத்து, உடனே குளிர்வித்து, மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவிக்கு அனுப்புவது. நொதிக்கு முந்தைய பொருள் குவிய வேண்டும், பிந்தையது குறைய வேண்டும். பைரிமிடின் பாதை தடைபட்டால் டைஹைட்ரோஓரோடேட்டும் கார்பமாய்ல் ஆஸ்பார்டேட்டும் ஏறுவதை மலேரியா பாக்ஸ் சேர்மங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறார்கள். 24 மணி நேரம் சேர்மத்தைக் கொடுத்தால் சாகும் ஒட்டுண்ணியின் குழப்பத்தை மட்டுமே அளப்பீர்கள். தொற்றில்லாத சிவப்பணு, சேர்மம் கொடுக்காதது, வேறு பாதையைத் தாக்கும் தெரிந்த மருந்து ஆகிய மூன்று ஒப்பீடும் வேண்டும். கருவிக் கட்டணம் மாதிரி எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும். ஆகவே பணம் கேட்கும்போதே ஒப்பீடுகளையும் மறுசோதனைகளையும் பெருக்கிக் கணக்குப் போடுங்கள். சேர்ம எண்ணிக்கையைக் குறைத்தாலும் ஒப்பீடுகளைக் குறைக்காதீர்கள்.

11. எதிர்ப்பு எவ்வளவு சுலபமாக வருகிறது?

10-ஆம் படியின் குடுவைகளிலிருந்தே இதற்கு விடை கிடைக்கும். எத்தனை ஒட்டுண்ணிகளிலிருந்து தொடங்கியபோது எதிர்ப்பு வந்தது என்று குறித்திருந்தால் போதும். பத்து லட்சத்தில் ஒன்று எதிர்த்துவிட்டால் கவலைக்குரிய இலக்கு. நூறு கோடியிலும் வரவில்லை என்றால் மிக நல்ல செய்தி. டிஎஸ்எம்265 சோதனையில் சில நோயாளிகளிடமே எதிர்ப்பு மாற்றங்கள் தெரிந்தன. அடோவாகுவோனுக்கு எதிர்ப்பு எளிதாக வந்தாலும், அந்த மாற்றம் பெற்ற ஒட்டுண்ணி கொசு வழியே பரவத் திணறுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். எனவே எதிர்ப்பு வருகிறதா என்பதோடு நிற்காமல், எதிர்ப்புப் பெற்ற ரகத்தை மருந்தில்லாமல் பழைய ரகத்தோடு ஒரே குடுவையில் கலந்து வளர்த்து, எது முந்துகிறது என்றும் பாருங்கள். இதற்குச் சில வாரங்களும் பிசிஆர் செலவும் மட்டுமே.

எல்லாம் தேறினால் மரபணு வாசிப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் போடுங்கள், ரகங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். தேறாத மரபணுக்களின் தரவையும் அதோடு சேர்த்து வெளியிடுங்கள். அணைத்தும் ஒட்டுண்ணி சாகவில்லை என்ற முடிவு வெளியில் தெரிந்தால் அடுத்தவருக்கு ஆறு மாதம் மிச்சம்.